ஏடு பெயர்த்தெழுதுவோரும் நிரல் பேணுவோரும்: பல்கலைக்கழகத்தில் ஆய்வு மென்பொருள் சமூகத்தின் தேவை

ஆய்வுச் சுருக்கம்

இலக்கணம், யாப்பு, சொல்லடைவு, பதிப்பு ஆகிய துறைகளில் கணினிவழித் தமிழாய்வு இன்று பரவலாகியுள்ளது. அவ்வாய்வு முடிவுகளைத் தாங்கி நிற்கும் மென்பொருள்களோ, ஆய்வேடு முடிந்ததும் பெரும்பாலும் கைவிடப்படுகின்றன. மென்பொருளை எழுதியும் திருத்தியும் பேணும் சமூகத்தை நிலைபெறச் செய்வது பல்கலைக்கழகத்தின் கடமை என்பதும், அப்பணி பதிப்புப் பணியின் தொடர்ச்சியாகக் கருதத்தக்கது என்பதும் இக்கட்டுரை முன்வைக்கும் கருத்துகளாகும். பிரித்தானியப் பல்கலைக்கழகங்களின் பட்டறிவும், சென்னைப் பல்கலைக்கழகப் பேரகராதிப் பணியின் முன்மாதிரியும் இதற்குச் சான்றுகளாகக் கொள்ளப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: ஆய்வு மென்பொருள், நிரல், பதிப்பு, ஒருங்குறி, சொல்லடைவு, தமிழ்க் கணிமை, பேரகராதி

முன்னுரை

ஓலைச்சுவடி தானே நிலைத்து நிற்பதில்லை. பூச்சியும் ஈரமும் தின்னுமுன் புதிய ஓலையில் பெயர்த்தெழுதப்பட்ட நூல் வாழ்ந்தது. பெயர்த்தெழுதுவார் இல்லாத நூல் மறைந்தது. சங்க நூல்கள் அச்சுக்கு வந்த வரலாற்றைப் பேசும்போது சி.வை. தாமோதரம் பிள்ளை, உ.வே. சாமிநாதையர் ஆகியோரின் உழைப்பை நன்றியுடன் நினைப்பது மரபு. அவர்கள் கையில் ஏடு கிடைக்கும் வரை, தலைமுறை தலைமுறையாக அதைப் பெயர்த்தெழுதியவர் பலர். அவர்களுள் பெரும்பாலோரின் பெயர் தெரியாது. அவர்களுக்கு உணவும் இடமும் மதிப்பும் அளித்தவை ஆதீனங்களும் புலவர் குடும்பங்களும் புரவலர் இல்லங்களும் ஆகும். நூல் பிழைத்ததற்குப் புலமை மட்டும் காரணமன்று. புலமையைத் தாங்கிய அமைப்பும் காரணம்.

இன்று தமிழாய்வு மற்றொரு வகை ஏட்டைச் சார்ந்து நிற்கிறது. சொல்லடைவு தொகுக்கும் நிரல், யாப்பைப் பகுக்கும் நிரல், அச்சுப் பக்கத்தின் படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தறியும் எழுத்துணரி, உருபனியல் பகுப்பாய்வி, கல்வெட்டுத் தரவகம் ஆகியவை ஆய்வாளரின் அன்றாடக் கருவிகளாகிவிட்டன. இவையும் தாமே நிலைத்து நிற்பதில்லை. இயங்குதளம் மாறும்போதும், நிரல்மொழியின் புதிய பதிப்பு வரும்போதும், வழங்கியின் கட்டணம் நின்றுபோகும்போதும் இவை செயலிழக்கின்றன. ஓலை மட்க நூற்றாண்டுகள் ஆயின. கைவிடப்பட்ட நிரல் மட்கச் சில ஆண்டுகள் போதும். அதனைப் பெயர்த்தெழுதுவோர் யார், அவர்களைத் தாங்கும் அமைப்பு எது என்னும் வினாவுக்குத் தமிழ்ப் பல்கலைக்கழகச் சூழலில் இன்னும் தெளிவான விடை இல்லை.

ஆய்வு மென்பொருள்: பொருள் வரையறை

ஆய்வில் பயன்படும் மென்பொருள் அனைத்தும் ஆய்வு மென்பொருள் ஆகா. ஆய்வேட்டைத் தட்டச்சு செய்யும் சொற்செயலி பொதுக் கருவி. ஆய்வின் ஒரு பகுதியாகவோ, ஆய்வின் பொருட்டோ உருவாக்கப்பட்டு, அதன் முடிவில் நேரடிப் பங்கு வகிக்கும் நிரலே ஆய்வு மென்பொருள் எனப்படும். அகநானூற்றில் ஓர் உரிச்சொல் எத்தனை முறை, எத்திணைப் பாடல்களில் வருகிறது எனக் கணக்கிட ஓர் ஆய்வாளர் எழுதும் இருபது வரி நிரலும் இதில் அடங்கும். பலர் கூடிப் பல ஆண்டுகள் வளர்க்கும் பெருந்தரவகமும் அடங்கும்.

கணினிவழித் தமிழாய்வு நேற்றுத் தோன்றியதன்று. வ.அய். சுப்பிரமணியத்தின் புறநானூற்றுச் சொல்லடைவு 1962-இல் கேரளப் பல்கலைக்கழக வெளியீடாக வந்தபோது, சொல்லடைவு என்பது மொழியியல் ஆய்வின் அடிப்படைக் கருவி என்பது நிலைநாட்டப்பட்டது. தாமஸ் லேமன், தாமஸ் மால்ட்டன் ஆகியோர் சங்க இலக்கியம் முழுமைக்கும் உருவாக்கிய சொல்லடைவு 1992-இல் ஜெர்மனியில் வெளிவந்தது. அது கணினியில் ஏற்றப்பட்ட பாடத்தின் பயன். 1998-ஆம் ஆண்டுப் பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டம், தன்னார்வலரின் உழைப்பால் தமிழ் நூல்களை மின்பாடங்களாக்கி உலகெங்கும் உள்ள ஆய்வாளர் கையில் சேர்த்தது. இவ்வளவுக்குப் பின்னரும் மென்பொருளை உருவாக்குதல் ஆய்வாகவும், அதைப் பேணுதல் பணியாகவும் தமிழ்த்துறைகளில் மதிக்கப்படவில்லை என்பதே கவனத்திற்குரியது.

நிரலுக்குள் உறையும் பதிப்பு முடிவுகள்

நிரல் என்பது வெறுங்கணக்கு, அதில் புலமைக்கு இடமில்லை என்னும் எண்ணம் பரவலாக உள்ளது. அது பொருந்தாது. 'தமிழ்' என்னும் சொல்லில் எழுத்து மூன்று என்பது மாணவரும் அறிந்தது. ஒருங்குறியில் அச்சொல் தகரம், மகரம், இகரக்குறி, ழகரம், புள்ளி என ஐந்து குறிகளாகச் சேமிக்கப்படுகிறது. தமிழெழுத்தின் இயல்பை அறியாத நிரல் அதனை ஐந்து எனவே எண்ணும். 'கொ' என்னும் எழுத்தை ககரத்துடன் ஒகரக்குறி சேர்த்தும் எழுதலாம். ககரத்துடன் எகரக்குறியும் ஆகாரக்குறியும் தனித்தனியே சேர்த்தும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே. கணினிக்கு இரண்டும் வேறு. இவற்றை ஒருமைப்படுத்தாமல் சொற்களை எண்ணினால் ஒரு சொல் இரண்டாகப் பிரிந்து, அதன் வருகை எண்ணிக்கை குறைந்துவிடும். ஔகாரக் குறியின் பின்பகுதிக்கு மாற்றாக ளகரத்தையே தட்டச்சு செய்யும் வழக்கமும் மின்பாடங்களில் உண்டு. அதனை ஒருங்குறியின் ஒருமைப்படுத்தும் விதியும் சரிசெய்யாது. தமிழறிந்தவர் வகுக்கும் தனி விதி தேவைப்படும்.

இவை எழுத்து நிலையில் எழும் சிக்கல்கள். இலக்கண நிலையில் எழுவன இன்னும் ஆழமானவை. யாப்பைப் பகுக்கும் நிரல் ஒன்றை எழுதுவோர், தொல்காப்பியத்தின் நேர், நிரை, நேர்பு, நிரைபு என்னும் நான்கு அசைகளைக் கொள்வதா, யாப்பருங்கலக் காரிகையின் நேர், நிரை என்னும் இரண்டை மட்டும் கொள்வதா என முடிவு செய்தாக வேண்டும். 'நாடு' என்பது முன்னதில் நேர்பு என்னும் ஓரசை. பின்னதில் நேர் நேர் என்னும் ஈரசை. இம்முடிவால் சீரின் பெயரும் தளையும் அவற்றின்மேல் கட்டப்படும் புள்ளிவிவரம் முழுவதும் மாறும். குறுந்தொகையில் கடவுள் வாழ்த்தைச் சேர்த்தால் பாடல் 402, நீக்கினால் 401. பெருந்தேவனார் பாடலின் சொற்களைச் சங்கச் சொற்களாகக் கணக்கிடலாமா என்னும் கேள்வியை நிரல் எழுதுபவர், தாம் அறிந்தோ அறியாமலோ, ஒரு வரியில் தீர்த்துவிடுகிறார். புணர்ச்சியைப் பிரித்து அச்சிட்ட பதிப்பையும் பிரிக்காத பதிப்பையும் ஒரே நிரலுக்கு ஊட்டினால் இருவேறு சொல்லெண்ணிக்கை கிடைக்கும்.

ஆகவே நிரல் ஓர் உரையாசிரியரின் இடத்தில் நிற்கிறது. பாடத்தைத் தேர்கிறது, பிரிக்கிறது, பொருள் கொள்கிறது. உரையாசிரியர் கருத்தை மறுக்க அவரது உரை கண்முன் இருக்கிறது. ஆய்வேட்டின் பின்னிணைப்பில் அட்டவணை மட்டும் இருந்து, அதை ஈன்ற நிரல் மறைந்துபோனால் மறுப்பதற்கும் உடன்படுவதற்கும் எதுவும் இல்லை. எண்கள் மட்டும் அடுத்த ஆய்வேட்டில் மேற்கோளாகத் தொடரும்.

நிரல் கண்முன் இருப்பதன் பயனுக்குப் பொருளியல் துறை தந்த சான்று புகழ்பெற்றது. கார்மன் ரைன்ஹார்ட், கென்னத் ரோகாஃப் ஆகிய இரு பேராசிரியர்கள் 2010-இல் வெளியிட்ட கட்டுரை, அரசின் கடன் நாட்டு வருமானத்தில் 90 விழுக்காட்டைக் கடந்தால் வளர்ச்சி வீழ்கிறது என்றது. மாசசூசெட்ஸ் ஆம்ஹெர்ஸ்ட் பல்கலைக்கழகத்தில் மாணவராக இருந்த தாமஸ் ஹெர்ன்டன் அக்கணக்கைத் திரும்பச் செய்ய முயன்றார், இயலவில்லை. ஆசிரியர்களிடமிருந்து கணக்குத்தாள் கிடைத்த பின்னரே, சராசரி காணும் கட்டளையில் ஐந்து நாடுகள் விடுபட்டிருந்தது தெரிந்தது. தரவைத் தேர்ந்த முறையிலும் நிறையிட்ட முறையிலும் இருந்த வேறு சிக்கல்களும் அதனுடன் சேர்ந்திருந்தன. 2013-இல் அவரும் அவருடைய ஆசிரியர்கள் இருவரும் வெளியிட்ட மறுகணக்கில், அக்கட்டுரை -0.1 விழுக்காடு எனக் காட்டிய சராசரி வளர்ச்சி 2.2 விழுக்காடாக மாறியது. கணக்குத்தாள் அழிந்திருந்தால் அம்மாணவரின் ஐயம் ஐயமாகவே நின்றிருக்கும்.

கருவிகள் கைவிடப்படும் முறை

தமிழ்ச் சூழலில் ஆய்வு மென்பொருள் அழிவது பெரும்பாலும் மூன்று வழிகளில் நிகழ்கிறது. முதலாவது, ஆய்வேட்டுடன் முடிவது. முனைவர்பட்ட ஆய்வாளர் ஒருவர் மூன்று ஆண்டுகள் உழைத்து ஒரு பகுப்பாய்வியை உருவாக்குகிறார். வாய்மொழித் தேர்வில் அது செயற்படுகிறது. பட்டம் பெற்றவர் வேறூரில் வேலைக்குச் செல்கிறார். நிரல் அவருடைய பழைய மடிக்கணினியில் தங்கிவிடுகிறது. ஆய்வேடு சோத்கங்கா மின்களஞ்சியத்தில் உலகத்தார் காணக் கிடைக்கிறது. ஆய்வேட்டின் உயிராக இருந்த கருவியோ அங்கு இல்லை. அடுத்த ஆய்வாளர் அதே கருவியை முதலிலிருந்து எழுதத் தொடங்குகிறார்.

இரண்டாவது, நல்கையுடன் முடிவது. திட்ட நிதி பெற்று, வெளியாரிடம் ஒப்பந்தம் கொடுத்துத் தரவகம் உருவாக்கப்படுகிறது. திறப்பு விழா நடக்கிறது. நிதி தீர்ந்ததும் இணைய முகவரி புதுப்பிக்கப்படாமல் போகிறது. மூலநிரல் துறையிடம் ஒப்படைக்கப்படாததால் அதை மீட்கவும் வழியில்லை.

மூன்றாவது, தனிமனிதருடன் முடிவது. தமிழ்க் கணிமையின் பயனுள்ள கருவிகள் பல தன்னார்வலரின் ஓய்வு நேரத்தில் பிறந்தவை. தமிழெழுத்தை அதன் இலக்கண இயல்பின்படி பிரித்தெண்ண உதவும் ஓப்பன் தமிழ் நிரலகமும், பாவின் யாப்பைக் கண்டறியும் அவலோகிதமும் அவ்வகையின. இவற்றைப் பயன்படுத்தி எழுதப்படும் கட்டுரைகளுள் எத்தனை, அடிக்குறிப்பிலேனும் இவற்றைப் பெயர் சுட்டுகின்றன என்பதை ஒவ்வொரு துறையும் தன் வெளியீடுகளைப் புரட்டிப் பார்த்துக்கொள்ளலாம். ஊதியமும் இல்லை, மேற்கோளும் இல்லை என்னும் நிலையில் ஒருவர் எத்தனை ஆண்டு ஒரு கருவியைப் பேணுவார்?

மின்பாடம் அழிவது எத்தகையது என்பதைத் தமிழ் ஏற்கெனவே கண்டுள்ளது. 1990-களில் எழுத்துருவுக்கு ஒரு குறியீட்டு முறை இருந்தது. ஒன்றில் தட்டச்சு செய்த நூல் மற்றொன்றில் பொருளற்ற குறிகளாகத் தெரிந்தது. 1999 பிப்ரவரியில் சென்னையில் கூடிய தமிழ்நெட் மாநாடும், அதன்பின் நிகழ்ந்த தரப்படுத்த முயற்சிகளும், ஒருங்குறியின் பரவலும் அச்சிக்கலைத் தீர்த்தன. பழைய குறியீடுகளிலிருந்து ஒருங்குறிக்கு மாற்றும் நிரல்களைச் சிலர் எழுதிப் பொதுவில் வைத்ததனால்தான் அக்காலத்து மின்பாடங்கள் பல இன்றும் படிக்கக் கிடைக்கின்றன. அவர்கள் செய்தது ஏடு பெயர்த்தெழுதும் பணியே.

பிரித்தானியப் பல்கலைக்கழகங்களின் பட்டறிவு

இச்சிக்கல் தமிழுக்கு மட்டும் உரியதன்று. பிரித்தானியாவில் எடின்பரோ பல்கலைக்கழகத்தைத் தலைமையிடமாகக் கொண்டு 2010-இல் தொடங்கிய மென்பொருள் நீடிப்பு நிறுவனம், ஆய்வு மென்பொருளின் நிலையைப் பொதுவெளியில் பேசுபொருளாக்கியது. அந்நிறுவனம் 15 முன்னணிப் பல்கலைக்கழகங்களின் ஆய்வாளர்களிடம் நடத்தி 2014-இல் வெளியிட்ட கணிப்பில், 92 விழுக்காட்டினர் ஆய்வு மென்பொருளைப் பயன்படுத்துவதாகவும், 69 விழுக்காட்டினர் அஃதின்றித் தம் ஆய்வு நடைமுறையில் இயலாது எனவும் கூறினர். 56 விழுக்காட்டினர் தாமே மென்பொருள் எழுதினர். அவ்வாறு எழுதியோரில் 21 விழுக்காட்டினர் அதற்கெனப் பயிற்சி எதுவும் பெற்றிராதவர்.

அதற்கு இரண்டாண்டு முன்னரே, 2012-இல் ஆக்ஸ்ஃபோர்டில் நடந்த பட்டறை ஒன்றில், ஆய்வுக்காக நிரல் எழுதுவோர் தமக்கு ஒரு பெயரில்லை என்பதை உணர்ந்தனர். கட்டுரை எண்ணிக்கையால் அளக்கப்படும் ஆய்வாளர் பதவியில் அவர்கள் பொருந்தவில்லை. கணினி மையத்தின் பணியாளர் பதவியிலும் பொருந்தவில்லை. 'ஆய்வு மென்பொருள் பொறியாளர்' என்னும் பெயர் அங்குப் பிறந்தது. பெயர் வந்தபின் பதவி வந்தது. பதவி வந்தபின் பணி உயர்வுப் படிநிலை கேட்கப்பட்டது. அதே ஆண்டில் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி, ஆய்வு மென்பொருள் உருவாக்கத்திற்கென ஒரு மையக் குழுவை அமைத்தது. துறைகள் தம் நல்கையிலிருந்து அக்குழுவினரின் நேரத்திற்குப் பணம் செலுத்தின. பணியாளரோ பல்கலைக்கழகத்தின் நிலையான குழுவில் இருந்தனர். ஒரு திட்டம் முடிந்தால் அவர் வேலையிழக்காமல் அடுத்த திட்டத்திற்குச் சென்றார். பிற பல்கலைக்கழகங்களும் இம்முறையைப் பின்பற்றின. 2016-இல் மான்செஸ்டரில் முதல் மாநாடு கூடியது. 2019-இல் ஆய்வு மென்பொருள் பொறியியல் கழகம் முறைப்படி தொடங்கப்பட்டது.

தமிழ்த்துறைகளுக்கு மிக அணுக்கமான சான்று லண்டன் கிங்ஸ் கல்லூரியில் உள்ளது. மனிதவியல் துறைகளின் கணினித் திட்டங்களுக்கென அங்கு 2015-இல் நிறுவப்பெற்ற கிங்ஸ் டிஜிட்டல் லேப், முந்தைய ஆண்டுகளில் உருவாகி முதுமையடைந்த ஏறத்தாழ நூறு திட்டங்களைப் பொறுப்பேற்றது. பல திட்டங்களுக்கு நிதி முடிந்திருந்தது. ஆய்வகம் ஒவ்வொன்றையும் தனித்தனியே மதிப்பிட்டது. உயிரோடு தொடர வேண்டியவற்றுக்குப் பேணுகை ஒப்பந்தம் செய்தது. சிலவற்றைப் புதிய தளத்திற்கு மாற்றியது. மாறாத பக்கங்களாக நிறுத்தத்தக்கவற்றை அவ்வாறு நிறுத்தியது. எஞ்சியவற்றை ஆவணக் காப்பில் சேர்த்தது. அனைத்தையும் காக்க இயலாது என்னும் உண்மையை ஏற்று, எதை எவ்வாறு முடிப்பது என்பதையும் புலமைப் பொறுப்பாகக் கொண்டமை குறிப்பிடத்தக்கது. நிரலாளர், பகுப்பாய்வாளர், வடிவமைப்பாளர், திட்ட மேலாளர் ஆகியோர் அங்கு ஆய்வாளருக்கு ஏவலராக இன்றிக் கூட்டு ஆய்வாளராக மதிக்கப்படுகின்றனர்.

இப்பட்டறிவு குறையற்றதன்று. குறுகிய கால ஒப்பந்தங்கள் பிரித்தானியாவிலும் முற்றிலும் நீங்கவில்லை. நாடு தழுவிய ஆய்வுத் தரமதிப்பீட்டில் மென்பொருளை ஆய்வு வெளியீடாக அளிக்க விதி இடம் தந்தும், அவ்வாறு அளிக்கப்படுவன மிகக் குறைவு. விதி மாறுவதற்கும் மனம் மாறுவதற்கும் இடையே உள்ள தொலைவை இது காட்டுகிறது.

குழுவும் சமூகமும்

மையக்குழு ஒன்றை அமைத்தல் போதுமா என்னும் கேள்வி இங்கு எழும். குழு என்பது பதவியால் அமைவது. சமூகம் என்பது பழக்கத்தால் அமைவது. பல்கலைக்கழகத்தில் நிரல் எழுதுவோரில் பெரும்பாலோர் குழுவில் இல்லாதவர். மொழியியல் துறையின் முனைவர்பட்ட மாணவி, நூலகத்தின் எண்ணிமப் பிரிவு அலுவலர், கல்வெட்டியல் துறையில் தரவுப் பட்டியல் தயாரிப்பவர், இயற்பியல் துறையின் இளம் ஆசிரியர் ஆகியோர் ஒருவரையொருவர் அறியாமல் ஒரே வகைச் சிக்கலோடு போராடுகின்றனர். அவர்களை மாதம் ஒருமுறை ஓர் அறையில் அமரச் செய்தலே சமூகத்தின் தொடக்கம்.

பிறர் எழுதிய நிரலைப் படித்துக் குறை சொல்லுதல், சிறு பயிற்சிகளை நடத்துதல், ஐயம் தீர்க்க வாரத்தில் ஒரு நேரம் ஒதுக்குதல் ஆகியவை அச்சமூகத்தின் இயல்பான பணிகள். 1998-இல் தொடங்கிய சாஃப்ட்வேர் கார்பென்ட்ரி என்னும் பயிற்சி இயக்கம், கணினியறிவியல் பயிலாத ஆய்வாளர்க்கு இரண்டு நாளில் அடிப்படைப் பழக்கங்களைக் கற்பித்து உலகெங்கும் பரவியது. அதில் கற்றவர் பின்னர்க் கற்பிப்பவராகிறார். தமிழ் மரபுக்கு இது புதிதன்று. முன் பயின்ற மாணாக்கர் பின் வந்தோர்க்குப் பாடம் சொல்லுதல் திண்ணைப்பள்ளி கண்ட முறையே.

பேரகராதி அலுவலகம் என்னும் முன்மாதிரி

இவையெல்லாம் செல்வ நாடுகளுக்கே இயலும் என்று கூறுவோர், சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதியை நினைத்துப் பார்த்தல் தகும். ஜே.எஸ். சாண்ட்லரைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 1913-இல் தொடங்கிய அப்பணி, பின்னர் ச. வையாபுரிப்பிள்ளையின் பொறுப்பில் 1936-இல் ஆறு தொகுதிகளாக நிறைவெய்தியது. 1,04,405 சொற்கள் அவற்றில் இடம்பெற்றன. பின்னர் அனுபந்தமும் வெளிவந்தது. மு. இராகவையங்கார் முதலிய புலவர்கள் அதன் அலுவலகத்தில் ஊதியம் பெறும் பணியாளராக ஆண்டுக்கணக்கில் உழைத்தனர்.

பேரகராதி ஒரு தனிமனிதரின் ஆய்வேடன்று. ஆய்வாளர் அனைவருக்கும் பொதுவான கருவி. அக்கருவிக்கு அலுவலகமும், பதவியும், தொடர்ந்த நிதியும், பதிப்பாசிரியர் மாறினும் பணி மாறாத ஒழுங்கும் தேவை என்பதைப் பல்கலைக்கழகம் இருபது ஆண்டுகளுக்கு மேல் ஏற்றுக்கொண்டிருந்தது. இன்று ஆய்வாளர்கள் அப்பேரகராதியை அச்சில் புரட்டுவதைவிட, சிகாகோ பல்கலைக்கழகத்தின் தென்னாசிய அகராதிகள் திட்டம் ஏற்றிவைத்த இணையப் பதிப்பிலேயே மிகுதியாகத் தேடுகின்றனர். அகராதியைத் தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகம் உருவாக்கியது. அதைத் தேடும் மென்பொருளை வேறு நாட்டுப் பல்கலைக்கழகம் பேணுகிறது. அத்தளம் ஒரு நாள் நின்றால், அதனை மீண்டும் எழுப்பும் பொறுப்பு யாருடையது என்பதைத் தமிழ்த்துறைகள் எண்ணிப்பார்த்தல் வேண்டும்.

மறுப்புகளும் விடைகளும்

தமிழ் மாணவரை நிரல் எழுதச் சொல்வது இலக்கியப் பயிற்சியைக் குறைக்கும் என்பது ஒரு மறுப்பு. அனைவரும் நிரல் எழுத வேண்டும் என்பது இக்கட்டுரையின் கருத்தன்று. அனைவரும் சுவடி படிக்க வேண்டியதில்லை. ஆயினும் சுவடியியல் அறிந்தோர் துறையில் இருத்தல் வேண்டும். பாடவேறுபாட்டைக் கேள்வி கேட்கும் அளவு சுவடியறிவு எல்லார்க்கும் வேண்டுவது போல, எண்ணிக்கையைக் கேள்வி கேட்கும் அளவு நிரலறிவும் வேண்டும்.

செயற்கை நுண்ணறிவுக் கருவிகளே இன்று நிரல் எழுதித் தருகின்றன, ஆகவே இத்தகைய சமூகம் தேவையில்லை என்பது மற்றொரு மறுப்பு. நிரல் எளிதில் கிடைப்பதனால் பேணப்படாத நிரலின் தொகையே பெருகும். நேர்பு அசையைத் தனி அசையாகக் கொள்ளும் நிரலைக் கருவி எழுதித் தரலாம். கொள்ளாத நிரலையும் அதே எளிமையில் தரும். எது தம் ஆய்வுக்குப் பொருந்துவது, கிடைத்த நிரல் கேட்டதைச் செய்கிறதா என்று ஆராயும் பொறுப்பு மனிதரிடமே உள்ளது. அப்பொறுப்பைத் தனியொருவர் சுமப்பதினும் பலர் கூடிச் சுமப்பது நன்று.

நிதி இல்லை என்னும் மறுப்பு மெய்யானது. ஆனால் கைவிடப்பட்ட தரவகத்தை மீண்டும் மீண்டும் புதிதாக உருவாக்கச் செலவாகும் தொகையும் நிதியே. ஒரு திட்டத்தின் மதிப்பீட்டிலேயே பேணுகைக்கு ஒரு பங்கு ஒதுக்கினால் அச்செலவின் பெரும்பகுதி மிஞ்சும்.

செய்யத்தக்கன

பெருநிதி தேவைப்படாத செயல்கள் சில உடனே தொடங்கத்தக்கன.

முதலாவதாக, கணினிவழி ஆய்வேடு அளிக்கும் ஆய்வாளர், நிரலையும் தரவையும் செயல்முறைக் குறிப்புடன் நூலகத்தில் ஒப்படைத்தல் வேண்டும். ஐரோப்பிய அணு ஆய்வு மையமாகிய செர்ன் 2013 முதல் நடத்தும் செனோடோ களஞ்சியம், நிரலுக்கு நிலையான அடையாள எண்ணைக் கட்டணமின்றி வழங்குகிறது. 2016-இல் பிரான்சில் தொடங்கிய சாஃப்ட்வேர் ஹெரிட்டேஜ் காப்பகம், உலகின் பொதுவெளி மூலநிரல்களைத் திரட்டிப் பாதுகாக்கிறது. சொந்தக் களஞ்சியம் அமையும் வரை இவற்றைப் பயன்படுத்துவதற்குத் தடையில்லை.

இரண்டாவதாக, ஆய்விதழ்கள் தம் நெறிமுறையில் ஒரு பத்தியைச் சேர்க்கலாம். எண்ணிக்கையை முன்வைக்கும் கட்டுரை, தான் பயன்படுத்திய நூற்பதிப்பு, மின்பாடம், நிரலின் பெயரும் பதிப்பெண்ணும், எழுத்துகளை ஒருமைப்படுத்திய முறை ஆகியவற்றைக் கூறுதல் வேண்டும். மென்பொருளை மட்டும் விளக்கும் சிறு கட்டுரைகளையும் மதிப்பீட்டுக்கு ஏற்கலாம். 2016 முதல் வெளிவரும் திறந்த மூல மென்பொருள் ஆய்விதழ், கட்டுரையோடு நிரலையும் மதிப்பீட்டாளர் இயக்கிப் பார்க்கும் முறையை நிலைநாட்டியுள்ளது.

மூன்றாவதாக, பல்கலைக்கழகம் தோறும் நூலகத்திலோ கணினி மையத்திலோ ஒரு நிலையான பதவியேனும் ஆய்வு மென்பொருளுக்கென உருவாக்கப்படுதல் வேண்டும். தமிழ்த்துறை, மொழியியல், கணினியறிவியல், நூலகம் ஆகியவற்றைக் கூட்டும் மாதக்கூட்டத்தை அவர் பொறுப்பேற்று நடத்தலாம்.

நான்காவதாக, மதிப்பெண் முறை மாற வேண்டும். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018-ஆம் ஆண்டு விதிமுறைகள் ஆய்வுக் கட்டுரை, நூல், மொழிபெயர்ப்பு, மின்பாடம், காப்புரிமை ஆகியவற்றுக்கு மதிப்பெண் வகுத்தன. ஆய்வு மென்பொருளுக்கெனத் தனி இடம் வகுக்கவில்லை. எட்டுக் கட்டுரைக்குத் துணைநின்ற ஒரு நிரலை எழுதியவருக்கு ஒரு கட்டுரைக்குரிய மதிப்பும் கிடைக்காத நிலையில், திறமுடைய இளம் ஆய்வாளர் அப்பணியை நாடமாட்டார். நாடியவரும் தனியார் நிறுவனத்திற்குச் செல்வார். தமிழும் நிரலும் ஒருங்கே அறிந்தவர் மிகச் சிலர். அவர்களைத் துறைக்குள் நிறுத்துவது இந்த ஒரு மாற்றத்தையே பெரிதும் சார்ந்துள்ளது.

முடிவுரை

உ.வே.சா. 1894-இல் புறநானூற்றை முதன்முதலாகப் பதிப்பித்ததோடு நிறுத்திக்கொள்ளவில்லை. பின்னர்க் கிடைத்த ஏடுகளையும் குறிப்புகளையும் கொண்டு அடுத்தடுத்த பதிப்புகளைத் திருத்தினார். அச்சான நூலும் பேணப்பட வேண்டியது என்பதை அவர் தம் செயலால் காட்டினார். மென்பொருளின் ஒவ்வொரு புதிய வடிவத்தையும் தமிழில் 'பதிப்பு' என்றே வழங்குகின்றனர். அச்சொல் தற்செயலாக அமைந்திருக்கலாம்; அது உணர்த்தும் கடமை பொருத்தமானது. நூலைப் பதிப்பித்தவரைப் போற்றும் துறை, அந்நூலைத் தேடவும் எண்ணவும் ஒப்பிடவும் வழிசெய்யும் கருவியைப் பதிப்பிப்பவரையும் ஏற்றல் வேண்டும். அவர்களைத் தாங்கும் அமைப்பு பல்கலைக்கழகத்திற்குள் எழாவிடில், இன்றைய தமிழாய்வின் எண்கள் சரிபார்ப்பாரின்றி மேற்கோளாக மட்டும் எஞ்சும்.